வைத்தியசாலைக்காக நின்ற அபேட்சகர்

ஓர் ஊரில் இருந்த வைத்தியசாலை பதினைந்து மைலுக்கு அப்பால் உள்ள வேறோர் ஊருக்கு மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைநகரிலே காரியாலயத்தில் அமர்ந்து தேசப்படத்தைப் பார்க்கும் உத்தியோகத்தருக்கு அஃது ஒரு விரலளவு தூரம். சொந்த மோட்டார் வண்டி உடையவருக்கு அரை மணித்தியாலப் பிரயாணம். ஆனால் வண்டியுமில்லாமல், முழங்கால் வாதத்தினால் நடக்கவுமியலாமல், தனியே வாழும் எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவருக்கு அதுவே ஒரு முழுநாட் காரியமாகிவிடுகிறது. காலையில் ஒரு பஸ், நகரத்தில் இறங்கி இன்னொரு பஸ், அங்கே காத்திருத்தல், திரும்பி வரும்போது கடைசி பஸ் போய்விடுமோ என்னும் கலக்கம். இத்தனைக்கும் அவர் வைத்தியரைக் கண்டு பேசிய நேரம் பத்து நிமிடமாயிருக்கலாம்.

தூரம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவினதன்று. இவ்வுண்மையை இங்கிலாந்திலே ஒரு தொகுதியின் வாக்காளர் 2001 ஆம் ஆண்டில் தம் அரசாங்கத்துக்கு மிகவும் அழுத்தந்திருத்தமாக எடுத்துரைத்தனர். கட்சி எதனையும் சாராத, அறுபத்தாறு வயதான, இளைப்பாறிய வைத்தியர் ஒருவரை அவர்கள் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் ஊர் வைத்தியசாலையை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள் என்பதே. அவ்வரலாற்றையும், அதனோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துள்ள பிரயாண வசதிப் பிரச்சினையையும் நேயர்களுக்கு இன்று விளக்க விரும்புகின்றேன்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, வூஸ்டர் மாகாணத்தின் வடக்கே, கிடர்மின்ஸ்டர் என்னும் பட்டணம் இருக்கின்றது. கம்பள நெசவுக்குப் பேர்போன ஊர் அது. தபாற்கட்டணத்தை ஒரு பென்னி ஆக்கி, முத்திரை ஒட்டும் வழக்கத்தை உலகுக்குத் தந்த ரோலண்ட் ஹில் என்பவர் 1795 ஆம் ஆண்டில் அங்கேதான் பிறந்தார். ஏழையின் கடிதமும் செல்வனின் கடிதமும் ஒரே கட்டணத்தில், தூரத்தைக் கணக்கெடாமற் செல்லவேண்டும் என்று வாதாடியவர் அவர். அவருடைய ஊரிலேயே இரண்டு நூற்றாண்டுகளின் பின்னர் தூரம் ஓர் அரசியற் பிரச்சினையானது. அண்மையில், செவேண் நதிக்கரையில் பியூட்லி, ஸ்டோர்போட் என்னும் சிற்றூர்கள் உள்ளன. மேற்கே பழைய வயர் வனம். இவையெல்லாம் சேர்ந்த பாராளுமன்றத் தொகுதிக்கும் வயர் வனம் என்றே பெயர். 2001 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்மாவட்டத்தின் சனத்தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

அங்கே நோயாளரை வைத்துப் பராமரிக்கும் பொது வைத்தியசாலை ஒன்று இருந்தது. விபத்துக்குள்ளானவர், திடீரென மார்வலி கண்டவர், மூச்சுத் திணறும் குழந்தை, எவரானாலும் இரவு பகலென்று பாராது கொண்டுபோகக்கூடிய இடமாக அது விளங்கியது. 1998 ஆம் ஆண்டில் மாகாணச் சுகாதார அதிகாரசபை ஒரு திட்டத்தை முன்வைத்தது. அதன்படி கிடர்மின்ஸ்டரில் கட்டில்களில் வைத்துச் செய்யும் அவசர சிகிச்சை நிறுத்தப்படும். அவ்வேலை வூஸ்டர் நகருக்கும் ரெடிச் நகருக்கும் செல்லும். கிடர்மின்ஸ்டரில் எஞ்சுவது வெளிநோயாளர் பகுதியும், காலையில் வந்து மாலையில் வீடு திரும்பக்கூடிய சிறு சத்திரசிகிச்சைகளும், சிறு காயங்களுக்கு மருந்து கட்டும் ஒரு பிரிவுமே. மக்கள் கூட்டங் கூடினர், ஊர்வலஞ் சென்றனர், மகசர்களிற் கையொப்பமிட்டனர். அவற்றாற் பயனொன்றும் விளையவில்லை. 2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் விபத்து, அவசர சிகிச்சைப் பகுதி மூடப்பட்டது.

அதிகாரிகள் கல்நெஞ்சராயிருந்தபடியால் இப்படிச் செய்தனர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நீதியாகாது. அவர்கள் பக்கத்திலும் நியாயங்கள் இருந்தன. தற்கால வைத்தியம் நாளுக்குநாள் பிரிவுபட்டு வளர்ந்துவருகிறது. ஐம்பது வருடங்களுக்கு முன் ஒரு சத்திரவைத்தியர் குடலையும் அறுப்பார், எலும்பையும் பொருத்துவார். இன்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு விசேட வைத்தியர் வேண்டும். அவர் தமது கைத்திறன் குன்றாதிருக்க வேண்டுமானால் ஆண்டுதோறும் போதிய எண்ணிக்கையான நோயாளரைப் பார்க்க வேண்டும். ஒரு இலட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் அத்தனை நோயாளர் கிடைக்கமாட்டார்கள். மேலும், இளம் வைத்தியர்களைத் தூக்கமின்றி வாரத்துக்கு எண்பது, தொண்ணூறு மணித்தியாலம் வேலை வாங்கிய பழைய வழக்கம் ஐரோப்பியச் சட்டங்களாற் படிப்படியாகத் தடுக்கப்பட்டு வந்தது. 2009 ஆம் ஆண்டளவில் அவர்களுக்கும் சராசரி 48 மணித்தியால வாரமே உச்சவரம்பாயிற்று. வேலை நேரம் குறைந்தால், ஒரு பகுதியை இரவு பகலாகத் திறந்து வைப்பதற்கு முன்னையிலும் அதிகமான வைத்தியர்கள் வேண்டும். சிறிய வைத்தியசாலைகளால் இதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. இவையெல்லாம் உண்மையான காரணங்கள்.

ஆனால் ஊரவர் கண்ணுக்கு வேறொரு காரணமும் தெரிந்தது. வூஸ்டர் நகரிலே புதிய பெரிய வைத்தியசாலை ஒன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 2002 ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. அரசாங்கம் தன் பணத்தைக்கொண்டு அதனைக் கட்டவில்லை. தனியார் கம்பனியொன்று பணம் போட்டுக் கட்டியது. அரசாங்கச் சுகாதார சேவை வருடாவருடம் அக்கம்பனிக்குக் கட்டணஞ் செலுத்தும். வீடு கட்டப் பணமில்லாதவன் நீண்டகாலத் தவணைக்கு வீடு வாங்குவதை ஒத்த ஏற்பாடு இது. தவணைப் பணம் நாட்பட நாட்பட எவ்வளவு கனக்கும் என்பது குடும்பம் நடத்துவோர் அறிந்ததே. புதிய கட்டடத்தின் தவணையைச் செலுத்துவதற்காகத் தங்கள் வைத்தியசாலை பலி கொடுக்கப்பட்டது என்று கிடர்மின்ஸ்டர் வாசிகள் கருதினார்கள். அதிகாரிகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் அந்த ஐயத்தை அகற்றும்வகையில் மக்களோடு அவர்கள் பேசவுமில்லை. என் கருத்தில், தீர்மானத்திலும் பார்க்க, அது எடுக்கப்பட்ட விதமே சினத்தை அதிகம் மூட்டிற்று.

இவ்விடத்தில் ரிச்சட் டெய்லர் அவர்கள் அரங்கத்துக்கு வருகிறார். 1934 ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1972 முதல் 1995 வரை கிடர்மின்ஸ்டர் வைத்தியசாலையில் விசேட வைத்தியராகக் கடமையாற்றியவர். மூட்டுவாத நோய்களில் வல்லவர். மூட்டுவாத வைத்தியரிடம் வருபவர்கள் ஒருமுறை வந்து குணமடைந்து போய்விடுபவர்களல்லர், வருடக்கணக்காக வந்துகொண்டிருப்பவர்கள். ஆகவே அவ்வூரிலே அவரை நேரில் அறிந்த குடும்பங்கள் மிகப் பலவாயிருந்தன. மேடைப் பேச்சில் வல்லவரென்று எவரும் அவரைச் சொன்னதில்லை. மென்மையாகப் பேசும் சுபாவமுடையவர். வைத்தியசாலை, சுகநலக் கரிசனை என்ற பெயரில் ஊரவர் அமைத்த இயக்கம் ஏற்கனவே உள்ளூராட்சித் தேர்தல்களிற் போட்டியிட்டு மாவட்டச் சபையில் ஆசனங்களைப் பெற்றிருந்தது. அந்த இயக்கத்தின் பெயரில் அவர் பாராளுமன்றத்துக்கும் அபேட்சகரானார்.

எதிர்த்து நின்றவர் சாமானியரல்லர். தொழிற் கட்சியைச் சேர்ந்த டேவிட் லொக் என்னும் சட்டத்தரணி 1997 ஆம் ஆண்டில் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த பெரும்பான்மையால் அத்தொகுதியை வென்றவர். நீதிப் பகுதியில் இளைய அமைச்சராகவும் இருந்தவர். அமைச்சர் பதவி அவருக்குப் பெருமை தந்தது. ஆனால் அதுவே அவருக்கு விலங்குமாயிற்று. பிரித்தானிய முறையில் அமைச்சர்கள் யாவரும் அரசாங்கத்தின் தீர்மானங்களுக்குக் கூட்டாகப் பொறுப்பாளிகள். ஒரு தீர்மானம் பிடிக்கவில்லையென்றால் பதவி துறக்க வேண்டும். துறவாவிட்டால் ஆதரித்துப் பேச வேண்டும். வைத்தியசாலை விடயத்தில் லொக் அவர்கள் அரசாங்கத்தின் பக்கமே நின்றார்.

அந்நாட்டில் அபேட்சகராக நிற்பது பெரிய காரியமன்று. பத்து வாக்காளர் கையொப்பமிட வேண்டும். 500 பவுண் கட்டுப்பணம் கட்ட வேண்டும். அளிக்கப்பட்ட வாக்குகளில் நூற்றுக்கு ஐந்து பெற்றாற் பணம் திரும்பக் கிடைக்கும். நிற்பது எளிது, வெல்வதுதான் அரிது. ஏனெனில் வாக்காளர் தேர்தலின்போது தங்கள் ஊரை மாத்திரம் நினைப்பதில்லை. யார் பிரதமராகவேண்டும் என்பதையே முதலில் நினைக்கின்றனர். தனியொருவருக்கு வாக்களித்தால் அது வீணாகிவிடும் என்ற அச்சம் எப்பொழுதுமுண்டு. 1997 ஆம் ஆண்டில் மார்ட்டின் பெல் என்னும் ஒலிபரப்பாளர் டாட்டன் தொகுதியிற் சுயேச்சையாக வென்றபோது, தொழிற் கட்சியும் லிபரல் டெமொக்கிரட்டிக் கட்சியும் அவருக்காக ஒதுங்கி நின்றன. கிடர்மின்ஸ்டரில் 2001 ஆம் ஆண்டில் ஒதுங்கியது லிபரல் டெமொக்கிரட்டிக் கட்சி மாத்திரமே. இரு பெருங்கட்சிகளும் களத்தில் நின்றன.

2001 ஆம் ஆண்டு யூன் மாதம் 7 ஆந் திகதி வாக்கெடுப்பு நடந்தது. டெய்லர் 28,487 வாக்குகள் பெற்றார். லொக் பெற்றவை 10,857. மூன்றாவதாக வந்த கொன்சர்வேட்டிவ் அபேட்சகர் பெற்றவை 9,350. பெரும்பான்மை 17,630. அளிக்கப்பட்ட வாக்குகளில் நூற்றுக்கு 58 டெய்லருக்கே கிடைத்தன. நாடு முழுவதிலும் அத்தேர்தலில் மக்கள் ஊக்கமிழந்திருந்தனர்; நூற்றுக்கு 59 பேர்தாம் வாக்களித்தனர். 1918 ஆம் ஆண்டின் பின் அவ்வளவு குறைந்த தொகை அங்கே பதிவாகியதில்லை. ஆனால் வயர் வனத் தொகுதியில் நூற்றுக்கு 68 பேர் வாக்குச் சாவடிக்கு வந்தனர். அரசியலில் மக்களுக்கு அக்கறையில்லை என்று முறைப்படுவோர் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இலங்கை நேயர்களுக்கு இவ்வரலாறு முற்றிலும் புதுமையாகத் தோன்றாது. சோல்பரி அரசியற் றிட்டத்தின்கீழ் 1947 ஆம் ஆண்டில் நடந்த முதலாவது பொதுத் தேர்தலில் 95 ஆசனங்களில் 21 ஐச் சுயேச்சை அபேட்சகர்கள் கைப்பற்றினார்கள். தெருவும், பஸ்ஸும், மருந்துச்சாலையும் கேட்டு வாக்காளர் அபேட்சகரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. பின்னர் 1978 ஆம் ஆண்டு யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. 1989 ஆம் ஆண்டிலே முதன்முறையாகப் பொதுத் தேர்தல் அம்முறையில் நடந்தது. அதன்பின் தனி ஒருவர் ஒரு சிறு தொகுதியின் குறையைச் சொல்லி ஆசனம் பெறும் வழி அடைபட்டது. சுயேச்சையாக நிற்போரும் ஒரு தேர்தல் மாவட்டம் முழுவதற்குமாகக் குழுவாய் நிற்கவேண்டியவராயினர். இதிலே இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. கிடர்மின்ஸ்டரின் கதை பழைய முறையின் இலாபத்தைக் காட்டுவது.

இனிப் பிரயாண விடயத்துக்கு வருவோம். வைத்தியசாலையை மாற்றும் அதிகாரசபைக்கும் பஸ் வண்டிகளை ஓட்டுவோருக்கும் இங்கிலாந்தில் எவ்வித நிருவாகத் தொடர்பும் இல்லை என்பதே முதலில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது. 1985 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தினால், 1986 ஒக்டோபர் 26 முதல், இலண்டன் தவிர்ந்த ஏனைய பகுதிகளில் பஸ் சேவை போட்டிக்குத் திறந்துவிடப்பட்டது. இலாபம் வரும் வழியிற் கம்பனிகள் தாமே ஓட்டலாம். இலாபமில்லாவிட்டால் நிறுத்திவிடலாம். நிறுத்தப்பட்டவற்றுள் மக்களுக்கு அத்தியாவசியமானவை என்று உள்ளூராட்சி மன்றம் கருதுபவற்றை அது கேள்விப்பத்திரங் கோரிப் பணங்கொடுத்து ஓட்டுவிக்கலாம். ஓட்டுவித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மன்றத்தின் வருமானம் குறையும் வருடத்தில் முதலில் வெட்டப்படுவன அநேகமாக இத்தகைய பஸ் சேவைகளே.

கிடர்மின்ஸ்டருக்கும் வூஸ்டருக்கும் இடையில் புகையிரதம் உண்டு. ஆனால் வூஸ்டரின் புதிய வைத்தியசாலை புகையிரத நிலையத்தின் பக்கத்தில் இல்லை. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கின்றது. இறங்கி மறுபடியும் பஸ் ஏறவேண்டும். நெடுஞ்சாலையில் வரும் மோட்டார் வண்டிக்கு வசதியாயமைந்த இடம் பஸ்ஸில் வரும் நோயாளிக்கு வசதியாயமைவதில்லை. இங்கிலாந்திலே புதிதாகக் கட்டப்படும் வைத்தியசாலைகள் பலவற்றுக்கும் இக்குறை உண்டு. நிலம் மலிவாகக் கிடைக்கும் ஓரங்களிலேயே அவை எழும்புகின்றன.

இந்த இடைவெளியை நிரப்ப முயல்வதே சமூகப் போக்குவரத்து என்று அந்நாட்டிற் சொல்லப்படும் ஏற்பாடு. அது அரசாங்கத்தினுடையதுமன்று, இலாபக் கம்பனியினுடையதுமன்று. ஊரவர் சிலர் ஒரு சங்கமாகச் சேர்ந்து சிறிய பஸ் வண்டியொன்றை வாங்குகின்றனர். அதற்குச் சக்கர நாற்காலியை ஏற்றும் தூக்கி பொருத்தப்பட்டிருக்கும். நோயாளியோ முதியவரோ முந்திய நாளே தொலைபேசியிற் சொல்லிவைத்தால், வண்டி வீட்டு வாசலுக்கு வந்து ஏற்றிச் செல்லும். 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19 ஆம், 22 ஆம் பிரிவுகள் இவற்றுக்கு அனுமதி வழங்குகின்றன. 19 ஆம் பிரிவின்கீழ் சங்கம் தான் சேவை செய்யும் அங்கத்தவரையும், முதியோர், அங்கவீனர் போன்ற குறிப்பிட்ட வகையினரையும் ஏற்றலாம், பொதுமக்களை ஏற்றலாகாது. 22 ஆம் பிரிவின்கீழ் குறித்த நேரத்துக்குக் குறித்த வழியிற் செல்லும் பஸ்ஸாகவே ஓடலாம், யாரும் ஏறலாம். எப்படியாயினும் இலாபம் எடுக்கக்கூடாது. 22 ஆம் பிரிவு வண்டிகளைச் சம்பளம் பெறாத சாரதிகளே ஓட்டவேண்டும் என்றிருந்த விதியை 2008 ஆம் ஆண்டின் உள்ளூர்ப் போக்குவரத்துச் சட்டம் தளர்த்திற்று.

வண்டியைப் பார்க்கிலும் சாரதியைத் தேடுவதே கடினம். 1997 சனவரிக்கு முன் மோட்டார் வண்டிச் சோதனையிற் சித்தியெய்தியவர்களுக்குப் பதினாறு ஆசனச் சிறு பஸ்ஸை ஓட்டும் உரிமையும் தானாகவே கிடைத்தது. அதன்பின் சித்தியெய்தியவர்களுக்கு அது கிடையாது. சம்பளம் பெறாமல் ஓட்டுவோருக்குச் சில விலக்குகள் உண்டாயினும், பொதுவாகத் தனிச் சோதனை எழுத வேண்டும், செலவுசெய்ய வேண்டும். ஆகவே சட்டத்தின் ஓர் உறுப்பு சங்கங்களை ஊக்குவிக்க, இன்னோர் உறுப்பு அவற்றின் சாரதிகளை வருடந்தோறும் முதுமையடையச் செய்கின்றது. முதியோரை முதியோரே ஏற்றிச்செல்லும் நிலை வந்துவிட்டது என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். அதில் வேடிக்கை பாதி, வருத்தம் பாதி.

சிறு பஸ்ஸுமில்லாத ஊர்களில், தொண்டர் தம் சொந்த மோட்டார் வண்டியிலே நோயாளியைக் கொண்டுபோய்விட்டு அழைத்துவருகின்றனர். எண்ணெய்ச் செலவையும் தேய்மானத்தையும் மட்டும் பெற்றுக்கொள்வர். அரசிறைத் திணைக்களம் இதற்கு வரியின்றி அனுமதித்த தொகை 2011 ஆம் ஆண்டில் மைலுக்கு 45 பென்ஸ் ஆக உயர்த்தப்பட்டது. பதினைந்து மைல் போக, பதினைந்து மைல் வர, காத்திருக்கும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்றுமில்லை. அப்படியும் செய்கிறார்கள்.

நோயாளர்களை ஏற்றிச்செல்ல வைத்தியசாலையே வண்டி அனுப்பாதா என்று நேயர்கள் கேட்கலாம். அனுப்பும், ஆனால் உடல்நிலை காரணமாக வேறு விதத்திற் பிரயாணஞ் செய்ய முடியாதவர்க்கே. பஸ் இல்லை என்பது நோயன்று. ஆகையால் கிராமத்தில் பஸ்ஸின்றித் தவிப்பவர் அந்த வகையில் அடங்கமாட்டார். 2008 ஏப்பிரல் முதல் இங்கிலாந்தெங்கும் முதியோர்க்குப் பஸ்ஸில் இலவசமாகப் பிரயாணஞ் செய்யும் அட்டை வழங்கப்பட்டது. மிக நல்ல காரியம். ஆனால் சட்டம் உறுதிப்படுத்திய இலவச நேரம் வேலைநாட்களிற் காலை ஒன்பதரைக்குப் பின்னரே தொடங்குகின்றது. வைத்தியர் ஒன்பது மணிக்கு வரச்சொன்னாரானால் முதியவர் கட்டணஞ் செலுத்த வேண்டியதே. அத்தோடு, பஸ்ஸே ஓடாத பாதையில் இலவச அட்டை வெறும் அட்டைதான்.

இவை சில்லறைக் குறைகள் என்று தள்ளிவிடக் கூடாது. பிரித்தானிய அரசாங்கத்தின் சமூக விலக்கம் பற்றிய பிரிவு 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, பன்னிரண்டு மாதங்களில் 14 இலட்சம் பேர் பிரயாண வசதியின்மையால் வைத்திய உதவியைத் தவறவிட்டோ மறுத்தோ நாடாமலோ இருந்தனர் என்று கூறிற்று. மோட்டார் வண்டி இல்லாதவரில் நூற்றுக்கு 31 பேர் வைத்தியசாலைக்குச் செல்வதிற் கஷ்டமுற்றனர். வண்டி உள்ளவரில் நூற்றுக்கு 17 பேர். இலவச வைத்தியம் உள்ள நாட்டிலே இது நிகழ்ந்தது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். மருந்துக்கு விலையில்லை; மருந்திருக்கும் இடத்துக்குப் போக விலையுண்டு.

அவசர நோயாளர் விடயமோ இன்னும் பாரதூரமானது. ஷெபீல்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, உயிராபத்தான நிலையில் அம்புலன்ஸ் வண்டியிற் கொண்டுசெல்லப்பட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளரின் விபரங்களைப் பரிசீலித்தது. வைத்தியசாலை பத்துக் கிலோமீற்றர் அதிக தூரத்திலிருந்தால், நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் கூடுதலாக மரணமடைந்தனர் என்பது அதன் முடிவு. மூச்சுத் திணறலோடு சென்றவர்களிடையே தூரத்தின் பாதிப்பு அதிகமாகக் காணப்பட்டது. கிடர்மின்ஸ்டர் மக்கள் 2001 இல் உள்ளத்தால் உணர்ந்ததற்கு ஆறு வருடங்களின் பின் எண் கிடைத்தது.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. இலண்டன் நகரில், மூளையில் இரத்தோட்டம் தடைப்படுவதால் வரும் பாரிசவாதத்துக்கு முப்பதளவான வைத்தியசாலைகள் சிகிச்சையளித்துவந்தன. 2010 ஆம் ஆண்டில் ஆரம்ப சிகிச்சை எட்டே எட்டு நிலையங்களில் ஒன்றுகுவிக்கப்பட்டது. நோயாளர் பலர் முன்னையிலும் தூரம் பிரயாணஞ் செய்தனர். ஆனால் மரணம் குறைந்தது. அங்கே இரவு பகலாகத் தேர்ந்த வைத்தியரும், மூளையைப் படம்பிடிக்கும் கருவியும் ஆயத்தமாயிருந்தமையே காரணம். அப்படியானால் தூரம் கொல்லுமா, காக்குமா? எந்த நோய், எவ்வளவு தூரம், அங்கே போய்ச்சேர்ந்தவுடன் என்ன கிடைக்கும் என்பனவற்றைப் பொறுத்தது அது. இலண்டனில் எட்டு நிலையங்களுள் ஒன்றுக்கு எங்கிருந்தும் அரை மணித்தியாலத்துக்குள் அம்புலன்ஸ் சேரும்படி முன்னதாகவே கணக்கிட்டனர். சிகிச்சையோடு பிரயாணத்தையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். கிடர்மின்ஸ்டரிலோ முதலிற் கதவு மூடப்பட்டது. வூஸ்டரின் புதிய கட்டடம் அதற்குப் பின்னரே திறக்கப்பட்டது.

பாராளுமன்றம் சென்ற டெய்லர் என்ன சாதித்தார்? 659 அங்கத்தவர் கொண்ட சபையிலே, மாபெரும் பெரும்பான்மையுடைய அரசாங்கத்துக்கு முன்னே, அவர் ஒற்றை வாக்கு. கட்சியின் கொறடா அவருக்குக் கட்டளையிட முடியாது. அதே காரணத்தாற் கட்சியின் துணையும் அவருக்கில்லை. கேள்வி கேட்கலாம், விவாதத்தில் எழுந்து பேசலாம், குழுக்களிற் பணிபுரியலாம். சுகாதாரம் பற்றிய தெரிகுழுவில் அவர் இடம்பெற்று 2010 வரை பணியாற்றினார். வைத்தியசாலையின் உட்புறத்தை இருபத்துமூன்று வருடம் கண்டவர் கேட்கும் கேள்விக்கும், அறிக்கையை மட்டும் வாசித்தவர் கேட்கும் கேள்விக்கும் உள்ள பேதம் அங்கே பயன்பட்டது. ஆனால் மூடிய அவசர சிகிச்சைப் பகுதியை அவர் திறப்பிக்கவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை.

மறைமுகமான பயன்கள் சில உண்டு. அரசாங்கப் பெரும்பான்மையுள்ள ஓர் அமைச்சரின் ஆசனமே வைத்தியசாலையால் போய்விட்டது என்ற செய்தி, தத்தம் தொகுதியில் வைத்தியசாலை உள்ள ஏனைய அங்கத்தவரின் காதிலும் விழுந்தது. 2003 ஆம் ஆண்டில் அரசாங்கம் சுயாதீனமான மீளமைப்பு ஆலோசனைச் சபையொன்றை நிறுவி, வைத்தியசாலை மாற்றங்கள் பற்றிய பிணக்குகளை அதன் ஆலோசனைக்கு விடும் வழியை ஏற்படுத்திற்று. கிடர்மின்ஸ்டர் மட்டுமே இதற்குக் காரணமென்று சொல்ல மாட்டேன். கிடர்மின்ஸ்டர் இதற்குத் தொடர்பற்றதென்றும் சொல்ல மாட்டேன். அதே 2003 இல் ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றத் தேர்தலில் ஜீன் டேர்னர் என்னும் பெண் வைத்தியர் கிளாஸ்கோ நகரின் ஸ்டொப்ஹில் வைத்தியசாலைக்காக நின்று, 438 வாக்குப் பெரும்பான்மையால் ஓர் ஆசனத்தைத் தொழிற் கட்சியிடமிருந்து கைப்பற்றினார்.

டெய்லர் 2005 ஆம் ஆண்டில் மீண்டும் வென்றார். பெரும்பான்மை 5,250 ஆகக் குறைந்திருந்தது. கட்சி சாராத ஒருவர் இரண்டாம் முறையும் தெரிவுசெய்யப்படுவது அந்நாட்டில் மிக அபூர்வம். 2010 ஆம் ஆண்டில் கொன்சர்வேட்டிவ் அபேட்சகர் மார்க் கார்ணியரிடம் 2,643 வாக்குகளால் தோற்றார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தைந்து. வைத்தியசாலை மூடப்பட்டுப் பத்து வருடமாகியிருந்தது. பெற்றோர் அவ்விடத்துக்கு ஓடிய ஓட்டத்தைக் கண்டறியாத இளைஞர் பலர் வாக்காளராகியிருந்தனர். வூஸ்டருக்குப் போவது அவர்களுக்கு இழப்பாகத் தோன்றவில்லை, வழக்கமாகத் தோன்றியது.

அவர் வீட்டில் ஓய்ந்திருக்கவில்லை. 2012 ஆம் ஆண்டில், புற்றுநோய் வைத்தியர் கிளைவ் பீடலுடன் சேர்ந்து, தேசிய சுகாதார சேவையைக் காப்பதையே நோக்கமாகக் கொண்ட கட்சியொன்றைத் தொடங்கினார். 2015 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், எண்பது வயதில், அதே வயர் வனத் தொகுதியில் அதே கோரிக்கையோடு மறுபடியும் அபேட்சகராக நின்றார். இம்முறை வெற்றி கிட்டவில்லை. தேர்தல் முடிந்த மறுநாளும் கிடர்மின்ஸ்டரில் மார்வலி கண்டவரை ஏற்றிய அம்புலன்ஸ் வண்டி தெற்கு நோக்கி வூஸ்டருக்கே சென்றது.